பலகைக்கு முன்னால் ஓர் இடம்

“இராஜம்மா, எழுந்திரு. சிலேட்டை எடு.”

“எங்க சார் போகணும்?”

“பின்னால திரும்பிப் பாரு. கடைசி பெஞ்சு உன்னத்தான் கூப்பிடுது.”

மூன்றாம் வகுப்பு முழுவதும் சிரித்தது. சபாபதி வாத்தியார் சிரிக்கவில்லை. மூக்கு நுனிக்கு நழுவிய கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டு, மார்க்குப் பட்டியலில் அடுத்த பெயரைத் தேடினார். பிரிக்பீல்ட்ஸில் ரெயில்வே கூலிகளின் பிள்ளைகள் படித்த அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மாதம் ஒரு பரீட்சை. பரீட்சை முடிந்த திங்கட்கிழமை இடம் மாறும். அதிக மார்க்கு வாங்கிய ஆறு பேருக்கு முதல் பெஞ்சு, அடுத்த ஆறு பேருக்கு இரண்டாவது பெஞ்சு. அப்படியே போய் ஐந்தாவது பெஞ்சில் முடியும். அதற்கு ‘மக்கு பெஞ்சு’ என்று வாத்தியாரே பெயர் வைத்திருந்தார்.

இராஜம்மா நகரவில்லை.

“என்ன?”

“சார், என்னை முன்னால உக்கார வைங்க சார்.”

“முன்னால உக்காரணும்னா மார்க்கு வாங்கணும்.”

“முன்னால உக்காந்தாத்தான் சார் மார்க்கு வாங்க முடியும்.”

“பாருங்கடா, வக்கீலு!” என்றார் வாத்தியார். இப்போது அவரும் சிரித்தார். முதல் பெஞ்சின் முதல் இடத்தில் இருந்தவன் விஜயன், ஸ்டேஷனில் கணக்கு எழுதும் கிராணி பழனியப்பனின் மகன். அவன் திரும்பி, “என் மடியில உக்காந்துக்கறியா?” என்றான்.

“உன் மடியில எனக்கென்ன வேலை? நீ எந்திரி, பெஞ்சுல உக்காந்துக்கறேன்.”

மேசையில் பிரம்பு தட்டப்பட்டது. சிரிப்பு நின்றது.

“எல்லாரும் கேட்டுக்குங்க. வெளியில எத்தனையோ பிள்ளைங்க இடம் கேட்டு நிக்குது. வர்ற வெள்ளிக்கிழமை பத்துக் கணக்கு எழுதிப் போடப் போறேன். அஞ்சு கணக்குக்குக் குறைவாப் போட்டவங்க பேரை அன்னிக்கே ரிஜிஸ்டர்ல அடிச்சுடுவேன். இராஜம்மா, உனக்கும் சேத்துத்தான் சொல்றேன். போ.”

இராஜம்மாவுக்கு ஒன்பது வயது. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் அவள்தான் முதல். அங்கே வாய்ப்பாட்டையும் பாட்டையும் வாயால் ஒப்பித்தால் போதும். மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் அம்மை போட்டுப் படுத்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து வந்தபோது மூன்றாவது பெஞ்சில்தான் இடம் இருந்தது. இந்த வகுப்பில் வாத்தியார் வாயைத் திறப்பதே அபூர்வம். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஜன்னலோரம் நின்றுகொள்வார். அடுத்த பரீட்சையில் நாலாவது பெஞ்சு, இப்போது ஐந்தாவது.

படிப்பு நின்றுபோனால் அவள் எங்கே போவாள் என்பது வீட்டில் முன்பே பேசி முடிந்திருந்தது. கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் அத்தை இருந்தாள். அங்கே ஆயக்கொட்டகையில் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

*

அன்று மாலை, ரெயில்வேக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் பின் சந்தில் இராஜம்மாவின் அப்பா கன்னையா சுவரோடு முதுகை ஒட்டி நின்றிருந்தார். அவர் ரெயில்வேயில் தண்டவாளத்தைப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். வருஷத்துக்கு ஒரு தடவை, ‘துவான் டாக்டர்’ என்று எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடும் ரெயில்வே டாக்டர் பதினைந்தடி தள்ளி நின்று, கறுப்புப் புள்ளி வைத்த அட்டையைக் காட்டுவார். எத்தனை புள்ளி என்று சரியாகச் சொன்னால் வேலை. தப்பாகச் சொன்னால் விளக்கறையில் உட்கார்ந்து சிம்னி துடைக்க வேண்டியதுதான். இந்த வருஷத்துப் பரிசோதனை வியாழக்கிழமை. அதனால் அந்த வாரம் லைனில் வீட்டுக்கு வீடு அட்டை செய்து பழகிக்கொண்டிருந்தார்கள்.

அவர் மனைவி சீதாலெட்சுமி பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் விளக்குக் கரியால் புள்ளி வைத்து, சந்தின் மறுகோடியில் தூக்கிப் பிடித்தாள்.

“எத்தன?”

“ஏழு.”

“இது?”

“பதினொண்ணு. ஏ புள்ள, கைய ஆட்டாத.”

“ஆடுனாலும் நீங்க சரியாத்தான் சொல்றீங்க. போதும், அடுப்புல சோறு இருக்கு.”

இராஜம்மா ஓடி வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். “அப்பா, நான் சொல்றேன், நான் சொல்றேன்.”

“சொல்லு பாப்போம், பாயிண்ட்ஸ்மேன் அம்மா.”

சீதாலெட்சுமி அட்டையைத் தூக்கினாள்.

“எத்தனடி?”

“அம்மா, புள்ளி வச்ச பக்கத்தைக் காட்டு.”

“அதத்தானே காட்டுறேன்.”

“வெறும் அட்டைதான் இருக்கு.”

கன்னையா சிரித்தார். “குறும்பு! அப்படியே உன்ன மாதிரி.”

சீதாலெட்சுமி சிரிக்கவில்லை. ஓரடி முன்னால் வந்தாள். “இப்ப?”

“ம்ஹூம்.”

இன்னும் மூன்றடி. “இப்ப?”

“அழுக்கு மாதிரி இருக்கு.”

சீதாலெட்சுமி நடந்துகொண்டே வந்தாள். ஐந்தடி தூரத்துக்கு வந்ததும் மகள் முகம் மலர்ந்தது. “தெரியுது! ஒண்ணு, ரெண்டு... ஒம்பது!”

“இராஜி, உங்க பள்ளிக்கூடத்துப் பலகை எத்தன தூரத்துல இருக்கு?”

“கடைசி பெஞ்சுலேருந்தா? ரொம்ப தூரம்மா. இந்தச் சந்து மாதிரி ரெண்டு மடங்கு.”

“அதுல எழுதறது தெரியுமா?”

“கடைசி பெஞ்சுக்குப் பலகை தெரியாதுல்ல? அதனாலதானே அதுல உக்காந்தா மக்கு ஆயிடறாங்க?”

சீதாலெட்சுமி அட்டையைக் கீழே போட்டாள். “எல்லாருக்கும் தெரியுதுடி. உனக்குத்தான் தெரியல.”

“பொய். கடைசி பெஞ்சுப் பாலனுக்கும்தான் தெரியாது. அவனும் குத்துமதிப்பாத்தானே எழுதறான்?” அவள் அப்பாவைப் பார்த்தாள். “அப்பா, உங்களுக்கு இங்கேருந்து புள்ளி தெரியுதா? நெசமா?”

கன்னையா சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இருவரையும் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

“இது வெளிய போகக் கூடாது.”

“எது?”

“புள்ளைக்குக் கண்ணு தெரியலங்கறது. வாசுவை என்னன்னு கூப்பிடறாங்க இந்த லைன்ல?”

வாசு மூன்று வருஷத்துக்கு முன்னால் புள்ளிப் பரிசோதனையில் தவறியவன். டாக்டர் அவனுக்கு மூக்குக் கண்ணாடி கொடுத்து விளக்கறைக்கு அனுப்பிவிட்டார். அதிலிருந்து அவனுக்குப் பெயர் ‘ஃபெயில் வாசு’. அந்த லைனில் நாற்பது வீடு. கண்ணாடி போட்ட முகம் அவனுடையது ஒன்றுதான்.

“அவரு வேலையில ஃபெயில். என் பொண்ணு எதுல ஃபெயில்?”

“ரெயில்வேக்காரன் வீட்டுல கண்ணாடி ஏறிச்சுன்னா, அப்பனுக்கும் கண்ணு கோளாறுன்னுதான் பேசுவான். வியாழக்கிழமை துவான் டாக்டர் காதுல எவனாவது போட்டு வச்சா?”

“உங்க கண்ணு கழுகுக் கண்ணு. பதினொண்ணுன்னு கை ஆடும்போதே சொன்னீங்க.”

“அது உனக்குத் தெரியும். பேசறவனுக்குத் தெரியுமா? கிள்ளானுக்கு அனுப்பிடலாம்னு ஏற்கனவே பேசினோம்ல? தொட்டில் ஆட்டக் கண்ணு எதுக்கு?”

சீதாலெட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “மக்குன்னு நெனச்சுப் பேசினோம். இப்ப மக்கு இல்லன்னு தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்ச பொறகு அனுப்புனா, அவளுக்கு நாம யாருங்க?”

*

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அம்மாவும் மகளும் பாசாருக்குப் போனார்கள். சனாவுல்லா பாயின் கடையில் சீப்பு, ஊசி, பேனாக்கத்தி நடுவே, ஒரு தட்டில் மூக்குக் கண்ணாடிகளும் இருக்கும்.

“பாய், கண்ணாடி வேணும்.”

“யாருக்கும்மா, மாமியாருக்கா?”

“இவளுக்கு.”

பாய் இராஜம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். “விளையாட்டுக்கா?”

“படிக்கறதுக்கு.”

தட்டில் இருந்த எட்டையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள். முதல் கண்ணாடியைப் போட்டதும் இராஜம்மா வீல் என்றாள். “அம்மா, பாய் கரைஞ்சு போயிட்டாரு!”

“நான் கரையல புள்ள, இங்கதான் இருக்கேன். அடுத்ததப் போடு.”

“இதுல இன்னும் மோசம். தாடி மட்டும் பெருசாத் தெரியுது.”

பாய் கண்ணாடிகளை வாங்கித் தட்டில் வைத்தார். “தங்கச்சி, ஏமாத்தி வித்துடலாம். எனக்கும் பேத்தி இருக்கு. இதெல்லாம் வயசானவங்க குரான் ஓத, ஊசியில நூல் கோக்கப் போட்டுக்கறது. கிட்ட இருக்கறதப் பெருசாக் காட்டும். உன் பொண்ணுக்குக் கிட்டத்துல நல்லாத்தானே தெரியுது? தூரம்தானே தெரியல? அதுக்கு வேற கண்ணாடி. பெரிய ஆஸ்பத்திரியில சனிக்கிழமை கண்ணுக்குப் பாக்கற டாக்டர் வர்றாரு. அவரு அளந்து எழுதித் தருவாரு, சொல்லி வச்சுச் செய்யணும்.”

“எத்தன நாள் ஆகும்?”

“மூணு வாரம், நாலு வாரம் ஆகும் லா.”

“வெள்ளிக்கிழமை இவ பேரை அடிச்சுடுவாங்க பாய்.”

பாய் தாடியைச் சொறிந்தார். “கண்ணாடி வர்ற வரைக்கும் பலகைகிட்ட உக்கார வைங்களேன். கண்ணு பலகைகிட்டப் போகாட்டி, ஆளு போகவேண்டியதுதானே? இதுக்கு டாக்டர் எதுக்கு?”

“அந்த இடத்தை மார்க்கு வாங்கினவங்களுக்குத்தான் தருவாங்களாம்.”

“யா அல்லா,” என்றார் பாய். “சோத்தைத் தின்னு தெம்பு வந்தாத்தான் சோறு போடுவேங்கற மாதிரியில்ல இருக்கு!”

*

வியாழக்கிழமை கன்னையா வேலை முடிந்து வரும்போது நடையிலேயே தெரிந்தது. பதினேழு புள்ளி, ஒன்றுகூடத் தப்பவில்லை.

“இப்பவாவது பயம் தெளிஞ்சுதா?” என்று கேட்டாள் சீதாலெட்சுமி.

“அடுத்த வருஷமும் இருக்குல்ல.”

“நல்லது. நீங்க அடுத்த வருஷத்துக்குப் பயந்துகிட்டு இருங்க. எனக்கு நாளைக்கு வேலை இருக்கு.”

“பள்ளிக்கூடத்துல போய் என்ன பேசப் போற? அவரு படிச்ச மனுசன். உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?”

“கையெழுத்துத்தான் தெரியாது. வாய் இருக்கு.”

கன்னையா சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

*

வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் இராஜம்மா வகுப்புக்குள் வந்தாள். கடைசி பெஞ்சுக்குப் போகவில்லை. முதல் பெஞ்சையும் தாண்டி வந்து, பலகைக்கு நாலடி முன்னால், வெறும் தரையில், பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்ன இது?” என்றார் சபாபதி வாத்தியார்.

“பரீட்சை எழுத உக்காந்திருக்கேன் சார்.”

“உன் இடம் அங்க.”

“அங்கேருந்து பலகை தெரியாது சார். எனக்குக் கண்ணு தூரம் பாக்காது. திங்கட்கிழமைதான் எங்க வீட்டுல கண்டுபிடிச்சோம்.”

“படிப்பு ஏறலன்னா கண்ணு, காதுன்னு ஆயிரம் சொல்லலாம். எழுந்திரு.”

“மாட்டேன் சார்.”

அந்த வகுப்பில் அவரிடம் ‘மாட்டேன்’ என்று யாரும் சொன்னதில்லை. வாத்தியார் பிரம்பை எடுத்தார். இராஜம்மா சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு இடது கையை நீட்டினாள்.

“இந்தக் கையில அடிங்க சார். வலது கை எழுதறதுக்கு வேணும்.”

இரண்டு அடி விழுந்தது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் எழவில்லை. மூன்றாவது அடிக்குப் பிரம்பு உயர்ந்தபோது வாசலில் குரல் கேட்டது.

“அடிச்சது போதும் சார். கணக்கை எழுதிப் போடுங்க.”

சீதாலெட்சுமி உள்ளே வந்து சுவரோரம் நின்றாள்.

“நீங்க யாரும்மா?”

“அடி வாங்கினவளோட அம்மா. கேட்டா நீங்களும் மறுப்பீங்க, அவங்க அப்பாவும் மறுப்பாரு. அதனாலதான் கேக்காமலே உக்காரச் சொல்லி அனுப்புனேன். பெஞ்சு கேக்கல சார், தரையிலதானே இருக்கா. தரையில எழுதித் தப்பாப் போட்டா நீங்க அடிக்க வேணாம், நானே பேரை அடிக்கச் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போறேன். இது அவளுக்கும் தெரியும்.”

வாத்தியார் இராஜம்மாவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். பத்துக் கணக்கையும் எழுதிவிட்டு ஜன்னலுக்குப் போனார். வகுப்பில் சிலேட்டுக் குச்சிகள் கீச்சிட்டன. இராஜம்மா தலையை நிமிர்த்துவாள், கண்ணைச் சுருக்குவாள், குனிந்து எழுதுவாள். இரண்டு முறை பலகைகிட்ட எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுவரோரம் நின்ற அம்மாவுக்கு மகள் எழுதுவதில் ஒன்றும் புரியவில்லை. குச்சி நின்றபோதெல்லாம் எட்டி மட்டும் பார்த்தாள்.

மணி அடித்தது. வாத்தியார் அவள் சிலேட்டைத்தான் முதலில் எடுத்தார். ஒவ்வொரு கணக்காக விரல் வைத்துப் பார்த்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

“ஒம்பது சரி,” என்றார் கடைசியில். “பாத்து எழுதியிருக்க.”

“யாரைப் பாத்து சார்? எனக்கு முன்னால பலகைதானே இருக்கு?”

பின் பெஞ்சிலிருந்து யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். வாத்தியார் முகம் சிவந்தது. “ஒரு நாள் அதிர்ஷ்டத்துல ஒம்பது வரும். போன பரீட்சையில ரெண்டுதானே?”

“அதையும் எடுங்க சார். அது காகிதத்துல எழுதினது, உங்க கட்டுல இருக்கும். என் கண்ணுக்குத் தெரிஞ்ச மாதிரி கணக்கை எழுதித்தான் போட்டிருப்பேன்.”

வாத்தியார் எடுப்பதாக இல்லை. சீதாலெட்சுமி சுவரை விட்டு நகர்ந்தாள்.

“சார், உங்களை ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“அந்தக் கண்ணாடியைக் கழட்டி என் கையில குடுத்துட்டு, அந்தக் கடைசி பெஞ்சுல போய் உக்காருங்க. பலகையில இருக்கறத ஒரு வரி படிங்க. நீங்க படிச்சுட்டா நான் பேசாமப் போயிடறேன்.”

வாத்தியாரின் கை தானாக எழுந்து கண்ணாடியின் காம்பைப் பிடித்தது. கழற்றுவதற்குப் போன மாதிரி தெரியவில்லை. யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று பிடித்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. முப்பது பிள்ளைகளும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

“உங்களுக்குத் தெரியலன்னா கண்ணுல குறை,” என்றாள் சீதாலெட்சுமி. “என் மகளுக்குத் தெரியலன்னா மூளையில குறையா சார்?”

அவர் அலமாரியைத் திறந்தார். காகிதக் கட்டைப் பிரித்து இராஜம்மாவின் விடைத்தாளை உருவினார். நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து படித்தார்.

“நான் போட்டது முன்னூத்தி நாப்பத்தாறும் இருநூத்தி எழுபத்தொண்ணும்.”

“எனக்கு எண்ணூத்தி நாப்பத்தாறும் இருநூத்தி எழுபத்தேழும் தெரிஞ்சுது சார்.”

“ஆயிரத்து நூத்தி இருபத்து மூணுன்னு கூட்டியிருக்க.” அவர் உதடு அசைந்து தனக்குள் கூட்டிப் பார்த்தது. “சரியாத்தான் இருக்கு.” அடுத்த கணக்குக்குப் போனார். அதன் அடுத்ததுக்கும். எட்டுச் சிவப்புக் குறுக்குக் கோடு அவர் கையால் போட்டது. அந்த எட்டில் ஏழு, அவர் எழுதாத கணக்குக்குச் சரியான விடை. காகிதத்தை மடித்தார், மறுபடியும் பிரித்தார்.

“இத நான் பாக்கவே இல்ல,” என்றார், யாரையும் பார்க்காமல். “விடை வேறயா இருந்தா அடிச்சுட்டுப் போயிருக்கேன்.”

“பேரையும் அப்படித்தான் சார் அடிக்கப் பாத்தீங்க.”

“போதும்மா.” குரல் எரிச்சலாகத்தான் வந்தது. “பேரை அடிக்கல. ஆனா, பெஞ்சு முறையை உங்களுக்காக மாத்த முடியாது. மாத்தினா நாளைக்கு ஒவ்வொரு வீட்டுலேருந்தும் ஆள் வரும். முதல் பெஞ்சு மார்க்குக்குத்தான். அடுத்த மாசம் வரைக்கும் அது விஜயனோட பெஞ்சு.”

“பெஞ்சை அவனே வச்சுக்கட்டும் சார்,” என்றாள் இராஜம்மா. “தரை யாரோடது?”

வாத்தியார் கீழே பார்த்தார். “தரை... தரை யாருக்கும் இல்ல.”

“அப்ப நான் இங்கயே உக்காந்துக்கறேன்.”

கடைசி பெஞ்சில் பாலன் எழுந்து நின்றான். அவனுடைய சிலேட்டில் மூன்று கணக்குத்தான் இருந்தது. “சார், எனக்கும் பலகை பஞ்சு மாதிரிதான் தெரியுது சார். நானும் தரையில உக்காந்து இன்னொரு தடவை எழுதவா?”

“எல்லாரும் ஆரம்பிச்சுட்டீங்களாடா!” என்று அதட்டினார் வாத்தியார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. துணியை எடுத்துப் பலகையை அழித்தார். பாலனுக்காக வேறு கணக்குகளை எழுதினார். எழுத்து முன்பைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. எழுதியதை ஒவ்வொன்றாக வாய்விட்டும் படித்தார்.

சீதாலெட்சுமி அவர் மேசையை விட்டு நகரவில்லை.

“இன்னும் என்னம்மா?”

“ரிஜிஸ்டரைத் திறந்து காட்டுங்க சார்.”

“அதான் அடிக்கலன்னு சொல்லிட்டேனே.”

“நீங்க சொன்னா எனக்குப் போதும். இவங்க அப்பா நம்பணுமே. கண்ணால பாத்துட்டு வந்தேன்னு சொல்லணும்.”

“உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“எனக்குப் படிக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கு.”

இராஜம்மா மேசைக்கு வந்தாள். ரிஜிஸ்டரின் மேல் குனிந்து, மூக்கு காகிதத்தில் படும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோய், ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கினாள். இருபத்து மூன்றாவது வரியில் விரல் நின்றது.

“இருக்கும்மா. க. இராஜம்மா. மேல கோடு இல்ல.”

பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் அம்மா அவளுடைய இடது கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் இரண்டு தடிப்பு. ஊதிவிட்டாள்.

“வலிக்குதா?”

“ரொம்ப.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு இராஜம்மா கேட்டாள். “அம்மா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு அப்பா வருவாரா?”

“தெரியல. வந்தா வரட்டும்.”

“பின் சந்து வழியாப் போனா லைன்ல யாரும் பாக்க மாட்டாங்கல்ல?”

“எதுக்குப் பின் சந்து? நாப்பது வீட்டுக்கும் முன்னாலதான் போறோம். எங்க போறீங்கன்னு கேட்டா நீயே சொல்லு.”

“என்னன்னு சொல்ல?”

“கண்ணாடி போடப் போறேன்னு. நல்லாச் சத்தமா.”

“இப்ப சொல்லிப் பாக்கவா?”

“சொல்லு.”

ரெயில் பாதை ஓரத்தில், எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, இராஜம்மா கத்தினாள்.